மூன்று காதமும் இருபது நாழிகையும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் பெரும்பாலும் ஓர் இந்தியப் படம் சுவரில் தொங்குவதைக் காணலாம். பிள்ளைகளின் பாடத்துக்கென்று வாங்கியதாகச் சொல்லிக்கொண்டாலும், அதனை அதிகம் பார்ப்பவர்கள் பெரியவர்களே. இங்கே நாம் இருக்கிறோம். அங்கே நம் ஊர் இருக்கிறது. இடையே இத்தனை விரற்கடை. இவ்வாறு விரலால் அளந்து பார்த்து, ஊர் அவ்வளவு தொலைவில் இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளாதவர் நம்மில் யார்?

அவ்வாறு படத்தில் அளந்து, ஒரு குடும்பத்தின் மனத்தாங்கலுக்கு நாமே காரணமாகிவிட்ட கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லி, இரு ஊர்களுக்கு இடையேயுள்ள தூரம் என்பது உண்மையில் எதனால் ஆனது என்பதை நேயர்களோடு சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், தில்லியில் மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் நாம் சேர்ந்திருந்த புதிது. நம்முடன் ஒரே அறையில் தங்கியிருந்த கும்பகோணத்து நண்பர் ஒருவருக்குக் குஜராத் மாநிலத்துக் கட்ச் மாவட்டத்தில், மாண்டவி என்னும் கடற்கரை ஊருக்கு மாற்றல் ஆயிற்று. அவருடைய தங்கை அதே மாநிலத்தில், துவாரகைக்கு அப்பால் தீபகற்பத்தின் முனையில் உள்ள ஓகாவில் குடித்தனம் செய்துவந்தாள். "உனக்கும் தங்கைக்கும் நடுவே ஒரு சிறு கடல் தானாமே, இனி அவளுக்கு ஆள் துணை ஆயிற்று" என்று அவர்களுடைய தாயார் கும்பகோணத்திலிருந்து மகிழ்ச்சியோடு எழுதினார்.

சில மாதங்களில் தங்கையின் பெண் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்திக் காது குத்துவது நம்மவர் வழக்கமன்றோ? முகூர்த்தம் காலை பத்தரை மணி. மாண்டவியிலிருந்து ஓகா எவ்வளவு தூரம், எப்போது புறப்படலாம் என்று நண்பர் நமக்கு எழுதிக் கேட்டார். நம் அலுவலகச் சுவரில் பெரியதொரு படம் இருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தோம். ஒன்றேகால் சென்டிமீட்டர், அதாவது, ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நம் பழைய கணக்கில் மூன்று காதம். "எதிர்க்கரைதான், விடியற்காலையில் படகு ஏறினால் மூன்று மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம்" என்று சற்றும் தயங்காமல் பதில் எழுதினோம்.

அந்நாளில் காலை ஆறு மணிக்கு நண்பர் புதுவேட்டியும் குழந்தைக்கான தோடுமாக மாண்டவித் துறையில் போய் நின்றார். ஓகா செல்லும் பயணிப் படகு என்று அங்கே ஒன்றும் இல்லை. மரக்கலம் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அவரை வியப்போடு பார்த்துப் பேருந்து நிலையத்துக்கு வழி காட்டினார்கள். அங்கிருந்து பேருந்து மாறி மாறிச் சென்று அவர் ஓகாவை அடைந்தபோது இரவு பத்து மணி கடந்துவிட்டது. முகூர்த்தம் தவறக்கூடாதென்று, குழந்தையைச் சித்தப்பாவின் மடியில் அமர்த்திக் காது குத்தி முடித்திருந்தார்கள். தங்கை வாசற்படியில் நின்று, "ஐம்பது கிலோமீட்டர் வருவதற்கு ஒரு பகலும் ஒரு இரவுமா அண்ணா?" என்று மட்டும் கேட்டாளாம். அந்த ஐம்பது என்ற எண் நாம் கொடுத்தது.

படத்தில் நாம் கண்ட எண் பொய்யன்று. மாண்டவிக்கும் ஓகாவுக்கும் இடையே நேர்க்கோட்டில் உள்ள தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த நேர்க்கோடு முழுவதும் கட்ச் வளைகுடாவின் மீது செல்கிறது. இவ்வளைகுடா அரபிக் கடலிலிருந்து கிழக்கு நோக்கி, சுமார் 170 கிலோமீட்டர் தூரம் நிலத்துக்குள் புகுந்து கிடக்கிறது. அதன் வடகரையில் மாண்டவியும், வாயிலின் தென்முனையில் ஓகாவும் இருக்கின்றன. வளைகுடாவின் உட்கோடியிலோ திடமான நிலம் இல்லை. சிறிய ரண் எனப்படும் உப்புச் சதுப்பு அங்கே தொடங்கிவிடுகிறது. ஆகவே தரை வழியாகச் செல்பவர் வளைகுடாவை முழுவதும் சுற்றிக்கொண்டே செல்லவேண்டும்.

அந்த வழியைச் சற்றுப் பார்ப்போம். தென்மேற்கில் இருக்கும் ஊருக்குப் போகவேண்டியவர், முதலில் அதற்கு நேர்மாறாகக் கிழக்கு நோக்கிப் புறப்படுகிறார். முந்த்ரா வழியாகக் காந்திதாம் வரையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பின் பச்சாவ், சாமக்கியாளி ஆகிய ஊர்களைக் கடந்து, ரண் கடலோடு கலக்கும் குறுகிய இடத்தில் சூரஜ்பாரிப் பாலத்தின் மீது தெற்கே இறங்கி, மாலியா என்னும் ஊரை அடைகிறார். அங்கிருந்துதான் அவர் முகம் மேற்கே திரும்புகிறது. ஜாம்நகர் சென்று, அங்கிருந்து துவாரகைக்குச் சுமார் 130 கிலோமீட்டரும், துவாரகையிலிருந்து ஓகாவுக்குச் சுமார் 30 கிலோமீட்டரும் போகவேண்டும். மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேல். நேர்க்கோட்டைப்போல் எட்டு மடங்கு! இடையில் நிற்காமல் காரில் சென்றாலே எட்டு மணி நேரம் பிடிக்கும். பேருந்து மாறிச் செல்பவருக்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும். ரயிலும் இதற்கு உதவாது. மாண்டவிக்கு ரயில் இல்லை. சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூஜ் நகரமே அதற்கு நிலையம். பூஜிலிருந்து செல்லும் ரயில் பாதையும் கிழக்கே வெகுதூரம் உள்நாட்டுக்குள் சென்று, பின் சுரேந்திரநகர், ராஜ்கோட், ஜாம்நகர் என்று வளைந்து வந்துதான் ஓகாவைத் தொடுகிறது.

சரி, தரை வழி இவ்வளவு சுற்று என்றால், கடல் வழியாகவே போய்விடலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அன்று அப்படித்தான் எண்ணினோம். 50 கிலோமீட்டர் என்பது 27 கடல் மைல். மணிக்கு 8 கடல் மைல் செல்லும் சாதாரண விசைப்படகு மூன்றரை மணி நேரத்தில் கடந்துவிடும். கணக்கு சரியே. ஆனால் கடலில் தூரத்தைத் தீர்மானிப்பவை வேறு சில உண்டு.

முதலாவது, வேலி ஏற்றமும் வற்றும். கட்ச் வளைகுடாவில் கடல் நீர் உயர்ந்து தாழும் அளவு நம் தமிழகக் கடற்கரையில் நாம் காண்பதைக் காட்டிலும் பன்மடங்கு பெரிது. வளைகுடாவின் உட்பகுதியில் உள்ள கண்ட்லாத் துறைமுகத்தில் அது 6 மீட்டருக்கும் மேல் போகும். இரண்டு மாடி வீட்டின் உயரம் என்று சொல்லலாம். மாண்டவித் துறையோ ருக்மாவதி ஆற்றின் முகத்தில் அமைந்த ஆழமற்ற துறை. நீர் வற்றினால் மரக்கலங்கள் சேற்றின்மேல் நிற்கும். நீர் ஏறும் வேளையிலேதான் கலம் உள்ளே வரவோ வெளியே போகவோ இயலும். அவ்வேளையும் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை ஒன்பது மணிக்கு ஏறிய நீர் நாளை ஒன்பதே முக்கால் மணிக்கு மேல் ஏறும். ஒரு வாரத்தில் காலைப் படகு பகற்படகாகிவிடும். முகூர்த்தத்துக்கு அடங்கிய கடல் இல்லை. கடலுக்கு அடங்கித்தான் முகூர்த்தம் வைக்கவேண்டும்.

இரண்டாவது, பருவம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடற்கரையில் சிறு கலங்கள் ஓடுவதில்லை. ஆவணித் திங்களையொட்டி வரும் நாரியல் பூர்ணிமை என்னும் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்த பிறகே அப்பக்கத்து மாலுமிகள் மீண்டும் பாய் விரிப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம்.

மூன்றாவது, அனுமதி. மீன்பிடிப் படகில் பயணிகளை ஏற்றிச் செல்வது முறையன்று. பயணிகளை ஏற்றும் கலத்துக்கு அதற்குரிய சோதனையும் சான்றும் வேண்டும். அத்துடன், கட்ச் கடற்பகுதி நாட்டின் எல்லையை அடுத்தது. கடலோரக் காவற்படையின் கண்காணிப்பில் உள்ளது. ஆகவே கண்ணுக்கு நேரே கடல் கிடந்தாலும், நினைத்த மாத்திரத்தில் ஒருவர் அதில் இறங்கிவிட இயலாது.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, மாண்டவி தனித்துக் கிடந்த ஊர் என்று எண்ணிவிடலாகாது. பதினாறாம் நூற்றாண்டில் கட்ச் அரசர் காலத்தில் தோன்றிய இத்துறைமுகத்திலிருந்து மஸ்கட்டுக்கும், ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஜான்சிபாருக்கும் மரக்கலங்கள் சென்றுவந்தன. இன்றும் ருக்மாவதிக் கரையில் பெரிய மரக்கலங்களைக் கையால் கட்டும் தொழில் நடைபெறுகிறது. கடல் கடந்த நாடுகள் மாண்டவி வணிகருக்கு அயலூர்களாக இருந்தன. காற்று எத்திசையில் வீசிற்றோ அத்திசை ஊர்கள் அவர்களுக்கு அண்மையில் இருந்தன. காற்றும் வாணிபமும் செல்லாத ஊர், எதிர்க்கரையில் இருந்தாலும் தொலைவில் இருந்தது. மேலும், அக்காலத்தில் வடகரை கட்ச் அரசுக்கும், ஓகா பரோடா அரசுக்கும், இடைப்பட்ட ஜாம்நகர்ப் பகுதி நவாநகர் அரசுக்கும் உரியனவாக இருந்தன. ஒவ்வோர் அரசும் தன் துறைமுகத்தைத் தானே வளர்த்தது. ஓகாத் துறைமுகத்தைப் பரோடா அரசு 1926-இல் திறந்தது. இரு கரைகளையும் ஒன்றாக நோக்கி வழி வகுக்கும் அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை.

நாடு பிரிந்து கராச்சித் துறைமுகம் 1947-இல் நம் கையை விட்டுப் போன பின்னரே கட்ச் பகுதிக்கு அகில இந்திய முக்கியத்துவம் வந்தது. 1952-இல் காந்திதாமுக்கும் தீசாவுக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்டு, கட்ச் நாட்டின் ரயில் அமைப்போடு இணைந்தது. 1955-இல் கண்ட்லா பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2017 முதல் அது தீனதயாள் துறைமுகம் என்று வழங்குகிறது. துறைமுகப் பணியிலும் மைய அரசுப் பணியிலும் அப்பக்கம் சென்ற நம்மவர் பலரும் மேற்சொன்ன பாதைகளால்தான் நம் ஊருக்கு அண்மையில் ஆனார்கள்.

பாதையால் சுருங்கிய தூரம் பாதை முறிந்தால் மீண்டும் நீண்டுவிடும். 2001 ஜனவரி 26 அன்று பச்சாவ் அருகே மையங்கொண்ட பெரும் பூகம்பத்தில், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சூரஜ்பாரிப் பாலமும் பழுதுற்றது. உதவி கொண்டுவந்த வண்டிகளுக்கு அன்று கட்ச் எத்தனை கிலோமீட்டரில் இருந்தது என்பதை எந்தப் படமும் காட்டியிராது. நம்முடைய ராமேசுவரத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் செல்வது 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும் வரையில், ரயிலில் வந்த யாத்திரிகர்கள் தீவுக்கு இப்பாலேயே இறங்கி வேறு வண்டி பிடிக்க நேர்ந்தது. ஓகாவின் எதிரேயுள்ள பேட் துவாரகைத் தீவுக்கு இதற்கு மாறான அனுபவம் நேர்ந்தது. 2024 பிப்ரவரி 25 வரை அங்கே படகில்தான் செல்ல முடியும். கூட்டம் சேரும் வரை படகு காத்திருக்கும். காற்று மிகுந்தால் போகாது. அன்று திறந்த சுதர்சன் சேது 2 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பாலந்தான். எனினும் அத்தீவு மக்களுக்கு மருத்துவமனையும் சந்தையும் நினைத்த நேரத்தில் அடையக்கூடியவை ஆயின.

கடலையே பாதையாக்கும் முயற்சியும் குஜராத்தில் நடந்திருக்கிறது. இது கட்ச் வளைகுடாவில் அன்று. மாநிலத்தின் கிழக்குப் பக்கத்திலுள்ள காம்பே வளைகுடாவில். அங்கே கோகா, தஹேஜ் என்னும் எதிரெதிர் ஊர்களுக்கிடையே கடல் வழி 31 கிலோமீட்டர். சாலை வழியோ 350 கிலோமீட்டருக்கு மேல். 2017 அக்டோபரில் அங்கே கப்பல் போக்குவரத்து தொடங்கிற்று. ஆனால் ஆறுகள் கொணரும் வண்டல் தஹேஜ் பக்கம் ஓயாமல் படிந்து, கப்பலுக்கு வேண்டிய ஆழம் இல்லாமற்போனமையால் அது நின்றுவிட்டது. பின்னர் 2020 நவம்பரில் சூரத் அருகேயுள்ள ஹஜீராவுக்குக் கப்பல் விடப்பட்டது. சாலையில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும் பயணம் இதனால் நான்கு மணி நேரமாகும் என்று அரசு அறிவித்தது. இதில் வழியின் நீளம் 31 அன்று, சுமார் 90 கிலோமீட்டர். குறுகிய வழி மூடிக்கொள்ள, மும்மடங்கு நீண்ட வழி பயன்படுவதாயிற்று.

இப்போது வேறொரு கணக்கைப் பார்ப்போம். ஓகாவிலிருந்து ராமேசுவரத்துக்கு வாரம் ஒருமுறை நேரடி ரயில் உண்டு. தூத்துக்குடிக்கும் அவ்வாறே ஒன்று உண்டு. ஓகாவுக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 1,800 கிலோமீட்டர். பயணம் ஏறத்தாழ 60 மணி நேரம். அதாவது, நேர்க்கோட்டில் கணக்கிட்டால் மணிக்கு 30 கிலோமீட்டர் வீதம் ஊரை நெருங்குகிறோம். மாண்டவியிலிருந்து ஓகாவுக்கோ, 50 கிலோமீட்டரைக் கடக்க 8 மணி நேரம். மணிக்கு 6 கிலோமீட்டர் வீதம். விரைந்து நடப்பவனின் வேகம் அது! ஒருவகையில் பார்த்தால், எதிர்க்கரையில் இருந்த அண்ணனைக் காட்டிலும், ஒரே ரயிலில் ஏறி இறங்கும் தமிழகத்துச் சுற்றத்தாரே அந்தத் தங்கைக்கு எளிதில் வரக்கூடியவர்களாக இருந்தார்கள் எனலாம்.

இவ்வுண்மை நம் முன்னோருக்குத் தெரியாததன்று. அவர்கள் தூரத்தை நேரத்தால் அளந்தார்கள். 'நாழிகை வழி' என்பது ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடங்களில் நடந்து கடக்கும் தூரம். ஏறத்தாழ ஏழு நாழிகை வழி ஒரு காதம். காதம் என்ற சொல்லுக்குள்ளேயே நடப்பவனின் காலும் பொழுதும் அடங்கியிருந்தன. அரபிக் கடலில் ஓடிய மாலுமிகளும் கடல் தூரத்தை மூன்று மணி நேர ஓட்டம் ஒன்றை அலகாகக் கொண்டே எண்ணினார்கள். கிலோமீட்டர் வந்த பிறகு தூரம் வேறு, நேரம் வேறு என்று நாம் பிரித்துவிட்டோம். அறிவியலுக்கு அது தேவையே. பயணத்துக்கோ இரண்டும் சேர்ந்திருந்தால்தான் பயன்.

நம் தொழிலிலேயே இதற்கு ஒரு சான்று கிடைத்தது. காது குத்து நடந்து சில மாதங்களுக்குப் பின், மைய அரசின் பயணப்படி பற்றிய துணை விதிகளைப் படிக்க நேர்ந்தது. 'மிகக் குறுகிய வழி' எது என்பதற்கு அங்கே ஒரு விளக்கம் இருக்கிறது. வழக்கமான போக்குவரத்து முறைகளால் ஒருவர் எவ்வழியில் மிக விரைவாகப் போய்ச் சேரலாமோ, அவ்வழியே மிகக் குறுகிய வழி என்பது அதன் கருத்து. கோடு கிழித்து அளந்தால் குறைவாக வரும் வழி என்று அவ்விதி சொல்லவில்லை. வறண்ட சட்ட நடை என்று நாம் அலுத்துக்கொள்ளும் விதியில் இவ்வளவு உலக அனுபவம் அடங்கியிருப்பதைக் கண்டு வியந்தோம். முன்னரே படித்திருக்கலாகாதா என்று வெட்கமும் அடைந்தோம்.

ஆகவே ஊருக்கோ உறவினர் இல்லத்துக்கோ புறப்படும் அன்பர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். நிலமும் நீரும் எவ்வாறு கிடக்கின்றன? அவற்றின் குறுக்கே மக்கள் நாள்தோறும் செல்லும் வழி எது? அவ்வழியில் எங்கெங்கே, எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும்? இந்த மாதத்தில் அவ்வழி திறந்திருக்கிறதா? இன்று கைபேசியில் உள்ள படம் முதல் இரண்டுக்கும் நொடியில் விடை சொல்லிவிடுகிறது. மூன்றாவதையும் நான்காவதையும் அவ்வூரில் இருப்பவரிடந்தான் கேட்கவேண்டும். அன்று நாம் தில்லிச் சுவரைக் கேட்டோம். மாண்டவித் துறையில் மரம் இழைத்துக்கொண்டிருந்த எவரையேனும் முதல் நாளே கேட்டிருந்தால், நண்பர் முந்தின இரவே புறப்பட்டிருப்பார்.

இன்னுமொன்று. தொலைவில் இருக்கும் பிள்ளைகள் வரவில்லை என்று பெற்றோரும், தமையன் வரவில்லை என்று தங்கையும் கொள்ளும் மனத்தாங்கல்களில் எத்தனையோ, கிலோமீட்டர்க் கணக்கால் வந்தவை. ஊருக்கு எழுதும்போது, "இங்கிருந்து இத்தனை கிலோமீட்டர்" என்று எழுதுவதோடு நில்லாமல், "இன்ன வண்டி பிடித்து, இன்ன ஊரில் இத்தனை நேரம் காத்திருந்து, மொத்தம் இத்தனை நாழிகை" என்று எழுதினால், அவர்கள் நம் வருகையையும் வராமையையும் சரியாக எடை போடுவார்கள்.

நம் நண்பருடைய தங்கைக்கு இரண்டாண்டுகளுக்குப் பின் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதன் காது குத்துக்கு நண்பர் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, முதல் நாள் காலையிலேயே பேருந்து ஏறினார். மாலை வீட்டுக்குள் நுழைந்தவரிடம் தங்கை, "எத்தனை மணிக்கு அண்ணா புறப்பட்டாய்?" என்று கேட்டாளாம், தூரத்தைக் கேட்கவில்லை. அவர் சொன்ன மணியை விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அவருக்கு வெந்நீர் வைத்தாள். மறுநாள் காலை குழந்தை மாமன் மடியில்தான் அமர்ந்தது.